வாசகர் கேள்வி – பதில்: குண்டுத் தொழிற்சாலையில் ஒரு காதல்

கேள்வி: முதல் உலகப்போர்க் காலம், இங்கிலாந்து, பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்தான் நாயகி. நாயகன் பிரான்சில் போர்முனையில். இப்படி ஒரு காதல் தொடர்கதை எழுதி வருகிறேன். படித்தவர்கள் எல்லாரும் காதல் நன்றாக இருக்கிறது, தொழிற்சாலைதான் ஒட்டவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நாயகியை அங்கிருந்து எடுத்து ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்துப் பாருங்கள். கதை மாறாமல் அப்படியே ஓடினால், அந்தத் தொழிற்சாலை இன்னும் காதலுக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் பார்ன்போ என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூன்று ஷிஃப்ட், அதற்கென்றே தனி ரயில்கள். உள்ளே போகுமுன் மேலாடையைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் அங்கியையும் தொப்பியையும் ரப்பர் அடி வைத்த செருப்பையும் போட வேண்டும். கொண்டை ஊசி, சீப்பு, தீப்பெட்டி, சிகரெட் எதுவும் கூடாது, ஏனென்றால் ஒரு சின்னப் பொறி போதும். அவன் கொடுத்த கொண்டை ஊசியை உங்கள் நாயகி தினமும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இந்த ஒரு விதியே உங்களுக்கு ஒரு அத்தியாயம் தரும்.

1916 டிசம்பர் 5 அன்று இரவு ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், 42-ஆம் எண் அறையில், குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸைப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். சிலரைக் கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. உடல்களை அப்புறப்படுத்திய சில மணி நேரத்திலேயே மற்ற பெண்கள் அதே அறையில் வேலைக்கு முன்வந்தார்கள். தணிக்கை காரணமாக, நடந்தது என்ன என்று பத்திரிகைகளில் வரவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியுலகுக்கு முழு விவரம் தெரிந்தது.

இப்போது அவன் பக்கம் வாருங்கள். பிரான்சிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று கொடுத்தார்கள். 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் அதில் ஏற்கெனவே இருக்கும், வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கூட ஒரு வார்த்தை எழுதினாலும் அட்டையை அழித்துவிடுவார்கள். சாதாரணக் கடிதம் எழுதலாம்தான், ஆனால் பொதுவாக அவனுடைய மேலதிகாரியே அதைப் படித்த பிறகுதான் போகும். ஆக, தோழியைப் பறிகொடுத்ததை அவள் எழுத முடியாது, அகழியில் கண்டதை அவனும் எழுத முடியாது. எனக்கு உங்கள் கதையின் உயிர் இங்கேதான் தெரிகிறது. சொல்லக்கூடாதது இருபுறமும் சேர்ந்துகொண்டே போகிறது, அப்புறம் அவன் விடுப்பில் வந்து நிற்கும்போது இரண்டு பேரும் எதைப் பேசுவார்கள்? அதை எழுதுங்கள்.

கேள்வி: வெடிமருந்தால் அந்தப் பெண்களின் தோல் மஞ்சளானது உண்மையா? காதல் கதையில் அதை எழுதினால் அழகு கெட்டுவிடாதா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: முழுக்க உண்மை. குண்டில் அடைக்கும் டி.என்.டி. என்ற வெடிமருந்து உடம்பில் ஏறினால் முகமும் கையும் மஞ்சளாகும், தொப்பிக்கு வெளியே தெரியும் முடி செம்பட்டையாகும். மஞ்சள் நிறக் கேனரி பறவையின் பெயரையே அவர்களுக்கு வைத்துவிட்டார்கள். சிலருக்குப் பிறந்த குழந்தைகள்கூட மஞ்சளாக இருந்தன, நாளாக நாளாக அது மறைந்தது. கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலையில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பார்ன்போவில் பால் கொடுத்தார்கள், நச்சைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில்.

அழகு கெடும் என்று இதை மறைக்காதீர்கள். ஒரு பெண் தன் முகம் மாறுவதைக் கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டே, அவன் வந்து பார்க்கும் நாளை நினைத்துப் பயப்படுகிறாள், ஆனாலும் மறுநாள் ரயில் ஏறுகிறாள். இதைவிடப் பெரிய காதல் காட்சி எது வேண்டும்? அவளைப் பளிங்கு முகத்தோடு எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: 1917-இல் நடக்கும் கதையில், வேலை நேரத்தில் வானொலிப் பாட்டு ஒலிப்பதாக எழுதலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: கூடாது. பி.பி.சி. தொடங்கியதே 1922-இல். தொழிற்சாலைகளுக்கென்று தனி இசை நிகழ்ச்சி வந்தது 1940 ஜூனில். பாட்டு உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் கதையையே இரண்டாம் உலகப்போருக்கு நகர்த்திவிடுங்கள். 1941 டிசம்பரில் வந்த சட்டப்படி 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களை அரசே போர்ப் பணிக்கு அழைக்கலாம் என்று ஆனது, அதனால் நாயகி வேலைக்கு வந்த காரணமும் மாறிவிடும்.

கேள்வி: முதல் உலகப்போர்க் கதையைக் கல்யாணத்தில் முடிப்பது தப்பா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தப்பே இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை போவதையும் எழுதுங்கள். 1918 நவம்பரில் சண்டை நின்றதும் குண்டுகள் தேவையில்லாமல் போயின, பெண்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். போருக்கு முந்தைய வேலைமுறைகளைத் திரும்பக் கொண்டுவர 1919-இல் சட்டமே போட்டார்கள். வீட்டு வேலைக்குப் போக மறுத்த பெண்களில் பலருக்கு, வேலையில்லாதோருக்கான உதவித்தொகையை நிறுத்தினார்கள். 1918-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே என்று கேட்பீர்கள். அது முப்பது வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதியோடு. குண்டுக்கு மருந்து அடைத்த இளம்பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. சொந்தச் சம்பளத்தை எண்ணி வாங்கிப் பழகிய அவள், இனி அவன் சம்பளத்தை நம்பி வாழ ஒப்புக்கொள்கிறாளா, என்ன சொல்லி ஒப்புக்கொள்கிறாள் என்பதைக் கல்யாணப் பேச்சில் அவள் வாயாலேயே வர வையுங்கள்.