தாராபுரத்தில் ஒரு நாள்

ஐயா, வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்குச் சங்ககிரியிலிருந்து பழனிக்கு நடந்து போகும் குழுவில் நானும் ஒருத்தி. ஈரோடு வழியாகக் கொடுமுடி போய், காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு முத்தூர், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று நடப்போம். இந்த முறை 14 பேர் வருகிறோம். நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள், மூன்று பேர் புதியவர்கள். தாராபுரத்தில் ஒரு முழுநாள் தங்கி இளைப்பாறிவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். எங்களை அழைத்துப் போகும் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "விரதம் இருந்து கிளம்பினால் நடுவில் நிற்கக் கூடாது. நடந்த கால் நின்றால் பிடித்துக்கொள்ளும் அம்மிணி. ஊருக்குள் தங்கினால் மனசும் கலைந்துவிடும்" என்கிறார். நீங்கள் பல முறை நடந்தவர் என்பதால் கேட்கிறேன். தங்கலாமா?

ஒரு வாசகி, சங்ககிரி

அன்புள்ள வாசகிக்கு,

தங்குங்கள். தாராபுரத்திலேயே தங்குங்கள்.

நடுவில் ஒரு நாள் நின்றால் விரதம் குறைந்துபோகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பாதுகைகளோடு பண்டரிபுரத்துக்கு நடக்கிறார்களே, அந்த வாரி யாத்திரை ஏறத்தாழ மூன்று வாரம் நீள்கிறது. பல்லக்கு புனே நகருக்குள் வந்ததும் இரண்டு இரவு தங்கும். இடையில் வரும் பகல் முழுக்க ஓய்வுதான். அன்று நகரத்து மக்கள் வாரகரிகள் எனப்படும் அந்த யாத்திரிகர்களைத் தேடிப் போய்க் கால் பிடித்துவிடுகிறார்கள். செருப்புத் தைப்பவர்கள் காசு வாங்காமல் வாரைத் தைத்துக் கொடுக்கிறார்கள். முடிதிருத்துபவர்கள் இலவசமாக முகம் மழித்துவிடுகிறார்கள். பல்லக்கே தங்குகிறது. அதன் பின்னால் நடப்பவர்களின் பக்தியில் யார் குறை காண முடியும்? நேர்த்திக்கடன் எதுவும் இல்லாத நடைக்கும் இந்த வழக்கம் உண்டு. அமெரிக்காவில் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையை முழுக்க நடப்பவர்கள், இடையிடையே சிற்றூர்களில் இறங்கி ஒரு நாள் நடக்காமல் இருந்து, துணி துவைத்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

கால் பிடித்துக்கொள்ளும் என்று பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை. பழக்கமில்லாத தூரத்தை நடக்கும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அந்த வலி அன்றே முழுதாகத் தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். புதியவர்கள் வெள்ளகோவிலில் காலை எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். இந்த நிலையில் நாள் முழுக்கப் பாயில் கிடந்தால் கால் மரக்கட்டையாகிவிடும் என்பது சரி. அதற்கு மருந்து இன்னொரு 30 கிலோமீட்டர் இல்லை. காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் மெல்ல நடந்தால் போதும். அமராவதிக் கரை வரை போய் வாருங்கள், அல்லது காடு அனுமந்தராயர் கோயிலுக்குப் போய் வாருங்கள். மீதி நேரம் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் உயர்த்தி வையுங்கள். பாத வீக்கம் வடிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஓய்வு நாளில் உருப்படியாகச் செய்ய வேண்டிய வேலை பாதங்களைப் பார்ப்பது. வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, ஒருவர் பாதத்தை இன்னொருவர் பாருங்கள். தன் குதிகாலைத் தானே சரியாகப் பார்க்க முடியாது. சிறிய கொப்புளத்தைத் தொட வேண்டாம். பெரிதாகி, ஊன்றினாலே வலிப்பதாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தத் தோல்தான் இருப்பதிலேயே நல்ல கட்டு. நம் பக்கத்தில் ஊசியோடு நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே போகும். கொப்புளம் உடைந்தவர்கள் ஆற்றில் காலை நனைக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர் குழுவில் இருந்தால், காலில் சின்னக் கீறல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தாராபுரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, மருந்துக் கடைகள் இருக்கின்றன, நடக்கவே முடியாதவருக்குப் பழனிக்கும் வீட்டுக்கும் பஸ் இருக்கிறது. நான் தாராபுரத்தைச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. பங்குனி வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதற்குப் பதில் உப்புப் போட்ட நீர்மோரும் கம்மங்கூழும் குடிக்கச் சொல்லுங்கள். வியர்வையில் உப்பும் சேர்ந்தே போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் தலை சுற்றும்.

இனி, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். அன்று சமையல் யார்?

நான் பார்த்த பல குழுக்களில், தங்கும் நாள் என்றால் ஆண்கள் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். கூட நடந்து வந்த பெண்கள், அதே கொப்புளத்தோடு, பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். "ஒரு நாள்தானே சும்மா இருக்கிறோம், சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடலாம்" என்று ஒருவர் சொல்வார். சந்தகை என்றால் அரிசி ஊற வைத்து, ஆட்டி, வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் அழுத்திப் பிழிய வேண்டும். 14 பேருக்கு அதைச் செய்து முடித்துப் பாத்திரம் கழுவி நிமிரும்போது மதியம் தாண்டியிருக்கும். அதன் பிறகு ஆளுக்கு இரண்டு துணி துவைக்கக் கிடக்கும். இப்படி ஒரு நாள் நின்றதற்கு நடந்தே போயிருக்கலாம், நடக்கும்போதாவது எல்லோரும் ஒன்றாக நடக்கிறார்கள். அன்று அடுப்பு பற்ற வைக்காதீர்கள். அன்னதானப் பந்தலில் சாப்பிடுங்கள், இல்லையென்றால் ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்து அரிசிம்பருப்புச் சாதமும் ரசமும் வாங்கிக்கொள்ளுங்கள். துணியை அவரவர் துவைக்கட்டும். இதைப் பெரியப்பாவின் வாயால் முதல் நாளே சொல்ல வைத்துவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது கோரிக்கையாகத்தான் இருக்கும், அவர் சொன்னால் குழுவின் கட்டுப்பாடு.

மனசு கலைந்துவிடும் என்ற அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். விடியலுக்கு முன் எழுந்து நடந்து பழகியவர்கள் ஊருக்குள் வந்ததும் ஆளுக்கொரு கடைத் தெருவில் சிதறிப் போவதைப் பார்த்தால் அழைத்து வந்தவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். கடைகளில் சுற்றினால் கால் இரண்டாம் முறை வீங்கும் என்பது வேறு. நடக்கிற நாளில் எழும் அதே நேரத்தில் அன்றும் எழுந்து, ஒன்றாகக் குளித்து, தீர்த்தச் சொம்புக்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்து பாடுங்கள். அந்த ஏற்பாட்டை அவரிடமே விட்டுவிடுங்கள். ஓய்வு நாளையும் அவரே நடத்துகிறார் என்றால் மறுப்பு தானாகக் குறையும்.

உத்திரத்தை ஒட்டி மண்டபம் கிடைப்பது சிரமம், இப்போதே பேசி வைத்துவிடுங்கள். தாராபுரத்திலிருந்து பழனிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை ஒரே மூச்சில் நடந்துவிட்டு 693 படி ஏற வேண்டும் என்பதை வயதானவர்கள் மறந்துவிடுகிறார்கள். முடியாதவர்களை யானைப் பாதையில் அழைத்துப் போங்கள். ஓய்வுக்கு அடுத்த நாள் அதிகாலை 3 மணிக்குக் கிளம்புங்கள். முதல் ஒரு மணி நேரம் அறுபதைத் தாண்டிய அந்த நான்கு பேரை முன்னால் விட்டு, அவர்கள் வேகத்துக்கே மற்றவர்கள் நடங்கள். ஒரு நாள் நின்ற கால் இளகுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.