இரண்டு நோடு, ஒரு லன்: அறிக்கைகள் ஏன் காணாமல் போகின்றன?

கேள்வி: ரத்தப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் கணினிப் பொறுப்பு என்னுடையது. ஒரு சர்வர் நின்றாலும் வேலை நிற்கக் கூடாது என்று இரண்டு சர்வர்களில் ராக்கி லினக்ஸ் 9 போட்டு பேஸ்மேக்கர் கிளஸ்டர் (ஒரு சர்வர் விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் அமைப்பு; அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு) அமைத்தேன். முதல் சர்வரை முழுதாகத் தயார்செய்து, அதையே குளோன் எடுத்து இரண்டாவதில் ஏற்றினேன். நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் 2 டிபி லன் (LUN, பெட்டி தரும் டிஸ்க் பகுதி) ஒன்றை, நெட்வொர்க் வழியே டிஸ்கைத் தரும் ஐஸ்கஸி (iSCSI) வழியாக இணைத்து, எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் ஃபார்மட் செய்து, இரண்டு சர்வரிலும் மவுண்ட் (ஃபைல்களைப் பயன்படுத்தத் திறப்பது) செய்திருக்கிறேன். முதல் நோடில் சேமிக்கும் அறிக்கை இரண்டாவதில் தெரிவதில்லை. சில ஃபைல்கள் குப்பையாகத் திறக்கின்றன. லாகில் சில நொடிக்கு ஒருமுறை ‘கனெக்‌ஷன் எரர் 1020’ என்று வருகிறது. ஃபென்சிங் (பதில் தராத நோடைத் துண்டித்து ஒதுக்குவது) இல்லாமல் கிளஸ்டர் எதையும் ஸ்டார்ட் செய்ய மறுத்ததால் அந்த செட்டிங்கை அணைத்துவிட்டேன். எங்கே தவறு?

பதில்: தவறு எங்கே என்று பார்ப்பதற்கு முன், இருப்பதைக் காப்பாற்றுங்கள். அந்த அறிக்கைகளுக்காக நோயாளிகள் காத்திருக்கிறார்கள். அறிக்கை எழுதும் சாஃப்ட்வேரை நிறுத்துங்கள். முதல் நோடில் தெரிகிற ஃபைல்களை ஒரு தனி டிஸ்குக்கும், இரண்டாவதில் தெரிகிறவற்றை இன்னொன்றுக்கும் நகலெடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். எது சரியான பிரதி என்பதைப் பிறகு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். அதன் பிறகே இரண்டிலும் அன்மவுண்ட். அடுத்து இரண்டாவது நோடை ஐஸ்கஸியிலிருந்து லாகவுட் செய்து, முதல் நோடிலிருந்து முழு லன்னையும் டிடி என்ற நகல் கட்டளை கொண்டு ஒரு இமேஜாக எடுத்துவிடுங்கள். ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்செக் ஓட்டுவதானால் அந்த இமேஜின் மேல் ஓட்டுங்கள். அதுவும் முதல் தடவை, எதையும் திருத்தாமல் பார்க்க மட்டும் செய்யும் ‘-n’ ஆப்ஷனோடு.

இனி காரணம். ஐஸ்கஸி உங்களுக்குத் தருவது வெறும் பிளாக்குகள். எந்த பிளாக்கில் எந்த ஃபைல், எது காலி என்ற கணக்கை எழுதுவது எக்ஸ்ட்4. அந்தக் கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் ஒரு பிரதியாக வைத்துக்கொள்கிறது; தன்னைத் தவிர வேறு யாரும் இந்த டிஸ்கைத் தொடுவதில்லை என்றே எக்ஸ்ட்4 நம்புகிறது. ஒரே பேரேட்டின் பக்கத்தை இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஆளுக்கொரு நகலாக வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதி, மறுநாள் கொண்டுவந்து ஒட்டினால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் லன்னில் நடந்திருக்கிறது. முதல் நோடு காலி என்று எடுத்த பிளாக்கையே இரண்டாவதும் காலி என்று எடுத்து எழுதியிருக்கிறது.

“இரண்டாவதில் ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்தால் போதுமே” என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ரீட் ஒன்லி மவுண்டிலும் எக்ஸ்ட்4 தன் ஜர்னலை (முடிக்காத மாற்றங்களின் குறிப்பேடு) ரீப்ளே செய்யும், அதாவது டிஸ்கில் எழுதும். முதல் நோடு உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது அதன் ஜர்னலை வேறொருவர் ரீப்ளே செய்வது பெரிய ஆபத்து.

அந்த 1020 தனிப் பிரச்சினை. குளோன் எடுத்தேன் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்ன வரியில் அதன் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஐஸ்கஸி இனிஷியேட்டருக்கும் (லன்னைக் கேட்டு வரும் சர்வர்) ஐக்யூஎன் என்ற தனிப் பெயர் உண்டு. ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள் ஐஸ்கஸி ஃபோல்டரில் இனிஷியேட்டர்நேம் என்ற ஃபைலில் அது இருக்கும். இரண்டு சர்வரிலும் அந்த ஃபைலைத் திறந்து, கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஒரே பெயரில், ஒரே செஷன் அடையாளத்தோடு இரண்டாவது ஆள் வந்தால், பழைய ஆளே லைன் அறுந்து திரும்பி வந்திருக்கிறார் என்றுதான் நாஸ் எடுத்துக்கொள்ளும். பழைய செஷனை மூடிவிட்டுப் புதியதை ஏற்கும். வெட்டப்பட்ட சர்வர் மறுபடி லாகின் செய்யும்; அப்போது மற்றது வெட்டுப்படும். எதிர்முனை டிசிபி இணைப்பை மூடிவிட்டது என்பதுதான் 1020. லாகில் அதற்கடுத்த வரியாக, ரெகவரிக்குப் பின் இணைப்பு இயங்குகிறது என்றும் வந்திருக்கும். இந்த இரண்டு வரிகளும் இரண்டு சர்வரிலும் மாறி மாறி வந்தால் கேபிளையும் ஸ்விட்சையும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

சரிசெய்வது எளிது. இரண்டாவது நோடில் ஐஸ்கஸி-ஐநேம் கட்டளை தரும் புதிய பெயரை அந்த ஃபைலில் எழுதி, ஐஸ்கஸிடி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நாஸ் பக்கம் அனுமதிப் பட்டியலில் இந்தப் புதிய பெயரையும் சேர்த்தால்தான் லாகின் ஆகும்.

இதற்குப் பிறகும் லாகின் ஆகிறது, லன் தெரிகிறது, ஆனால் ஃபார்மட் அல்லது பெரிய காப்பி மட்டும் தொங்குகிறது என்றால் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவான எம்டியுவைப் பாருங்கள். ஒரு சிறிய அலுவலகத்தில் இதற்காக ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். சர்வரிலும் நாஸிலும் 9000, நடுவிலிருந்த ஸ்விட்சில் 1500. சின்ன பாக்கெட்டுகள் போய்வந்ததால் டிஸ்கவரி, லாகின் எல்லாம் பச்சையாக இருந்தன. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் அனுப்பிய பிறகே குட்டு உடைந்தது. 9000-இல் ஹெடர்களுக்கு 28 போனால் மீதி 8972.

நாஸுக்கு இரண்டு நெட்வொர்க் லைன் இழுத்திருந்தால் ஒரே லன் எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு டிஸ்குகளாகத் தெரியும். இரண்டு வழிகளையும் ஒன்றாக்கும் மல்டிபாத் போட்டு, அதன் மேப்பர் தரும் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள்; எஸ்டிபி என்ற பெயர் அடுத்த ரீபூட்டில் வேறு டிஸ்குக்குப் போகலாம். டிஸ்குகளைச் சேர்த்துப் பிரித்துத் தரும் எல்விஎம் பயன்படுத்தினால் ராக்கி லினக்ஸின் இந்த 9-ஆம் பதிப்பில் இன்னொன்றும் உண்டு. எந்தெந்த டிஸ்குகளைப் பார்ப்பது என்ற பட்டியலை ஒவ்வொரு நோடும் தனியாக வைத்திருக்கும். முதல் நோடில் உருவாக்கிய விஜி (எல்விஎம்மின் டிஸ்க் தொகுப்பு) இரண்டாவதில் தெரியாவிட்டால், அங்கே எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் டிஸ்கைச் சேர்த்துவிடுங்கள்.

ஃபென்சிங்கை அணைத்ததுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. இணையத்தில் பல வழிகாட்டிகள் அப்படிச் செய்யச் சொல்கின்றன. டேட்டா இல்லாத பயிற்சி மெஷினில் அது பரவாயில்லை. உங்களிடம் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். முதல் நோடு சாகவில்லை, இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் மட்டும் அறுந்தது. இரண்டாவது நோடு, மற்றவன் போய்விட்டான் என்று லன்னை மவுண்ட் செய்யும். முதல் நோடோ இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். இன்று நீங்கள் கையால் செய்த அதே இரட்டை மவுண்டை அன்றைக்குக் கிளஸ்டரே செய்யும். மற்ற நோடு செத்துவிட்டது என்று ஊகிப்பது போதாது, அதன் மின்சாரத்தையோ டிஸ்க் அனுமதியையோ துண்டித்து உறுதிசெய்தாக வேண்டும். அதனால்தான் பேஸ்மேக்கர் உங்களிடம் மறுத்தது.

சர்வரில் அதைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் ஐட்ராக் அல்லது ஐஎல்ஓ சிப் இருந்தால் அதன் ஐபிஎம்ஐ வழி ஃபென்சிங் போடுங்கள். அதில் ஒரு ஓட்டை உண்டு: சர்வருக்கு கரன்டே போய்விட்டால் அந்தச் சிப்பும் அணைந்துவிடும், ஃபென்சிங் வெற்றி என்ற பதில் வராது, கிளஸ்டர் காத்துக்கொண்டே நிற்கும். ஆகவே இரண்டாம் நிலையாக டிஸ்க் அனுமதியைத் துண்டிக்கும் ஃபென்ஸ் ஸ்கஸியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நாஸ் ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனை (லன்னில் யார் எழுதலாம் என்று வரையறுக்கும் பூட்டு) ஆதரிக்க வேண்டும். விளம்பரத் தாளை நம்பாமல் 1 ஜிபி சோதனை லன் ஒன்றில் பாருங்கள்: எஸ்ஜி பெர்சிஸ்ட் கட்டளையால் முதல் நோடில் கீ பதிந்து, டைப் 5 (கீ பதிந்தவர் மட்டுமே எழுதலாம்) ரிசர்வேஷன் எடுத்து, பதியாத இரண்டாவது நோடிலிருந்து எழுதிப் பாருங்கள். ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட் என்று மறுத்தால் பெட்டி நல்ல பெட்டி. எழுதவிட்டால் ஃபென்ஸ் ஸ்கஸி அங்கே பயன்படாது. ஐக்யூஎன் திருத்தத்தை இதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யாரைத் தடுப்பது என்று நாஸுக்குத் தெரியாது.

ஒரே நேரத்தில் இரண்டு நோடும் எழுத வேண்டும் என்றால் ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல்சிஸ்டம் தேவை. உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அமைப்பது கடினம், ராக்கி லினக்ஸுக்கு மூலமான ரெட் ஹாட் தன் 10-ஆம் பதிப்பில் அதற்கான ஆதரவையும் நிறுத்திவிட்டது. அறிக்கைகளை இரண்டு சர்வரும் ஒன்றாகப் பார்த்தால் போதும் என்றால் நாஸிலேயே, பிளாக்குகளாக அல்லாமல் ஃபைல்களாகவே பகிரும் என்எஃப்எஸ் ஷேர் போடுங்கள். அங்கே பேரேட்டை எழுதுவது நாஸ் ஒருவர்தான். லன்தான் வேண்டும் என்றால் ஒரு நோடில் மட்டும் மவுண்ட். பூட் ஆகும்போது மவுண்ட் செய்யச் சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் உள்ள வரியை நீக்கிவிட்டு மவுண்ட் செய்யும் வேலையைப் பேஸ்மேக்கரின் ஃபைல்சிஸ்டம் ரிசோர்ஸிடம் விடுங்கள். கூடவே எக்ஸ்ட்4-இல் எம்எம்பி என்ற காப்பை டியூன்2எஃப்எஸ் கொண்டு இயக்குங்கள். இரண்டாவது நோடு மவுண்ட் செய்ய வந்தால் ஃபைல்சிஸ்டமே மறுத்துவிடும். அது தானாக இயங்காது. அன்மவுண்ட் ஆன நிலையில் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

எல்லாம் அமைத்ததும், சர்வீஸ் ஓடும் நோடின் கிளஸ்டர் நெட்வொர்க் கேபிளை உருவிப் பாருங்கள். ஒரு நோடு ரீபூட் ஆக வேண்டும், லன் மற்றதில் மட்டும் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். பிறகு அதே நோடின் பவர் கேபிளை உருவி இன்னொரு முறை. இரண்டும் தேறும்வரை ஓர் அறிக்கையைக்கூட அந்த லன்னுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.