மூன்று மாத டூட்டிக்கு எங்கே தங்குவது?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது, வீடு மார்த்தாண்டத்தில். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று மாத கான்ட்ராக்ட்டில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் நிரந்தர ஸ்டாஃபுக்கு மட்டும்தானாம். மூன்று மாதம் என்றதுமே வீட்டுக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். நெட்டில் குறைந்த வாடகைக்கு ஒரு அறை பார்த்தேன். ஓனர் மிலிட்டரியில் இருக்கிறாராம், நேரில் வர முடியாதாம், 5,000 ரூபாய் அனுப்பினால் சாவியைக் கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அனுப்பாதே தங்கச்சி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. மிலிட்டரி, டிரான்ஸ்ஃபர், நேரில் வர முடியாது என்று சொல்லி அட்வான்ஸ் கறப்பது எத்தனையோ பேரை ஏமாற்றிய வழி. அடுத்ததாக ஒரு கியூஆர் கோடு வரும், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் உனக்கே பணம் திரும்பி வரும் என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் போவது உன் பணம்தான். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணு.

சரி, இடத்துக்கு வருவோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே நர்சிங் சூப்பிரண்டிடம் நேராகக் கேள்: "மேடம், கான்ட்ராக்ட் ஸ்டாஃப் எங்கே தங்குகிறார்கள்?" நிச்சயம் யாராவது எங்காவது தங்கிக்கொண்டிருப்பார்கள், அந்த வார்டு பிள்ளைகள் சொல்லும் ஹாஸ்டல்தான் எந்தப் புரோக்கர் காட்டுவதையும் விட நம்பகமானது. அவசரப்பட்டு எதையாவது பிடிக்காமல், முதல் வாரம் பகல் டூட்டி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே போய் வா. சுமார் 40 கிலோமீட்டர்தானே, பஸ்ஸும் உண்டு, குழித்துறையில் ரயிலும் உண்டு. அலைச்சல்தான், ஆனால் அந்த ஒரு வாரத்தில் நாலு இடத்தை உன் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பார்க்கப் போகும்போது எல்லோரும் பகல் பதினொரு மணிக்குப் போவார்கள். நீ ராத்திரி எட்டரைக்குப் போ, துணைக்கு அண்ணனோ தோழியோ இருந்தால் நல்லது. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரைக்கும் லைட் எரிகிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா, நடந்து பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் லீவில் போனவருக்குப் பதிலாக இரண்டு மாதம் இருந்தேன், ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், எனக்கு ஈவினிங் டூட்டி முடிவதே எட்டு மணிக்கு, அப்புறம் ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு வந்தால் கேட்டுக்கு வெளியே இருட்டில் இருபது நிமிடம் மணி அடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதனால் உன் டூட்டி சார்ட்டை வார்டனிடம் காட்டி, எந்த நேரம் வந்தாலும் யார் கேட் திறப்பார்கள் என்று கேள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் வேறு இடம் பார்.

அறைக்குள் போனால் கதவின் உள்தாழ்ப்பாளைக் கையால் போட்டு அசைத்துப் பார். ஸ்க்ரூ லூஸாக ஆடுகிறதா, கொண்டி விழும் ஓட்டையில் மரம் பிளந்திருக்கிறதா? பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், விரலால் தடவினால் தெரிந்துவிடும். பாத்ரூம் ஜன்னலையும் பார். ராத்திரி டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவள் நீ, தண்ணீர் மோட்டார் பக்கத்து அறை வேண்டவே வேண்டாம். தூக்கமில்லாமல் ஐசியூவில் மருந்து அளந்து போடுவது உனக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

நம் பக்கம் பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் இருக்க வேண்டும், காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது தமிழ்நாட்டுச் சட்டம், எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டாது. எனவே அங்கே எழுத்து உன் கையில் இருக்கட்டும்: எத்தனை மாதம், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, என்றைக்குத் திரும்பத் தருவார்கள். மூன்று மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கி வீட்டுக்காரரிடம் காட்டினால், மூன்று மாதம்தானா என்று முகம் சுளிப்பதும் கொஞ்சம் குறையும். ஆதார் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வார்டன் கேட்டாலும் சரி, ஏஜென்ட் கேட்டாலும் சரி, கொடுக்காதே.

போனில் அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 இரண்டையும் போட்டு வைத்துக்கொள், கேரளத்தில் பெண்களுக்கான பிங்க் போலீஸ் எண் 1515. அப்புறம், சாமான் கொண்டுபோய் இறக்கும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. வார்டனிடம் அவரே பேசட்டும், நம்பரை அவரே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.