வாசகர் கேள்வி – பதில்: கையால் செய்யும் ஷோர்ட்கட் கீபேட்

கிளிநொச்சி வாசகர்: ஸ்டூடியோவில் படம் திருத்தும் வேலைக்கு ஒரு அழுத்தலில் ஒரு கட்டளையை அனுப்பும் எட்டு பட்டன் கீபேட் ஒன்று செய்கிறேன். கையில் ஆர்டுயினோ நானோ என்ற, புரோகிராம் ஏற்றும் சிறு போர்டு இருக்கிறது. பட்டனுக்கு ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வீதம் போட வேண்டுமா?

ரெசிஸ்டர் வேண்டாம். மாற்ற வேண்டியது போர்டைத்தான். நானோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பால் நேரடியாக யூஎஸ்பியில் பேச முடியாது. இடையில் இருக்கும் இன்னொரு சிப் வழியாகத்தான் பேசும். அதனால் கணினி அதை சீரியல் போர்ட்டாக (தரவு அனுப்பும் வெறும் இணைப்பாக) பார்க்குமே தவிர, கீபோர்டாக ஏற்காது. நேரடியாக யூஎஸ்பியில் பேசும் ஏடிமெகா32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ போர்டு வாங்குங்கள். அதன் ஒரு ஓரத்தில் 2 முதல் 9 வரை எட்டு பின்களும் (வயர் இணைக்கும் முனைகள்) வரிசையாக நிற்கும், அவற்றுக்கு அடுத்தே இரண்டு கிரவுண்ட் (0 வோல்ட்) பின்கள். உங்கள் எட்டு பட்டனுக்கு அதுவே போதும்.

பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மற்றக் காலைக் கிரவுண்டிலும் இணையுங்கள். புரோகிராமில் பின்களை 'இன்புட் புல்அப்' என்று அறிவித்தால், சிப்புக்குள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோஓம் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும். அழுத்தும்போது 0 வரும். அழுத்தும்போது 1 வரும் என்று புரோகிராமில் எழுதிவிட்டால், தொடாத பட்டன்கள் எல்லாம் அழுத்தியதாகக் கணினி நினைக்கும்.

ஒரு பட்டனில் சொற்களை அச்சிட வைக்க நினைத்தால் கவனம்: போர்டு அனுப்புவது விசையின் இடத்தை மட்டுமே. விண்டோஸ் தமிழ் விசைப்பலகையில் இருக்கும் நேரம் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்துகளாக விழும். சாதாரண கீபோர்டில் இல்லாத எப்13 முதல் எப்24 வரையான விசைகளை அனுப்பி, எந்த விசைக்கு என்ன வேலை என்பதைக் கணினிப் பக்கம் ஓட்டோஹொட்கீ என்ற மென்பொருளில் எழுதிக்கொண்டால் அந்தச் சிக்கலே வராது.

புதுக்குடியிருப்பு வாசகி: நான்கு கால் சிறு பட்டன்கள் போட்டேன். இரண்டு பட்டன் எப்போதும் அழுத்தியபடியே நிற்கின்றன. மற்றவை ஒரு அழுத்தலுக்கு இரண்டு எழுத்துப் போடுகின்றன.

இவை இரண்டு வேறு பிழைகள். அந்தப் பட்டனின் நான்கு கால்களும் உள்ளே இரண்டு சோடியாக ஏற்கெனவே இணைந்தவை. ஒரே சோடியில் இரண்டு வயரையும் வைத்துவிட்டால் அழுத்தாமலே தொடுப்பு இருக்கும். மூலைக்கு மூலை எதிரான இரு கால்களை எடுங்கள், எப்படித் திருப்பினாலும் தவறாது. சந்தேகமிருந்தால் மல்ட்டிமீட்டரை பீப் ஒலியில் வையுங்கள்: அழுத்தும்போது மட்டும் ஒலிக்க வேண்டும்.

இரட்டை எழுத்துக்குக் காரணம், உள்ளே இருக்கும் தகடு மூடும்போது சில மில்லிசெக்கன்ட் துள்ளுவது. முதல் மாற்றத்துக்குப் பிறகு 20 மில்லிசெக்கன்ட் அந்தப் பின்னைக் கவனிக்காமல் விடும்படி புரோகிராமில் எழுதினால் போதும்.

மாங்குளம் வாசகர்: பிளாஸ்டிக் பெட்டி மூடியில் துளை போட்டால் வெடிக்கிறது. பூட்டிய பட்டனும் அழுத்த அழுத்தச் சுழன்று வயர் அறுந்துபோகிறது. எப்படிப் பொருத்துவது?

கீபேட்கள் கெடுவது பெரும்பாலும் மின்சாரத்தால் அல்ல, இந்த இடத்தில்தான். மூடிக்கு அடியில் பலகைத் துண்டொன்றை இறுக்கிக் கட்டி, முதலில் 3 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் துளையுங்கள். பிறகு படிப்படியாகப் பெருப்பித்து, பட்டனின் மரை விட்டத்துக்கு வாருங்கள். 12 மில்லிமீட்டர் பட்டனுக்கு 12. வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல் துளையுங்கள். துளைகளின் நடுவுக்கு நடு 22 மில்லிமீட்டர் விட்டால் விரலுக்கும் நட்டுக்கும் இடமிருக்கும். சாதாரண கீபோர்டில் விசைக்கு விசை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்தான், ஆனால் நட்டை இறுக்க அது நெருக்கமாக இருக்கும். மூடி மெல்லியதாக இருந்தால், அதே துளைகள் போட்ட இன்னொரு தகட்டை உள்ளே ஒட்டுங்கள். அப்போது வளையாது. நட்டுக்கு அடியில் பல் வைத்த வாஷர் போட்டால் சுழலாது.

வயரை ஈயத்தால் பற்ற வைக்கும் முன்னர் பட்டனைப் பொருத்தி நட்டை இறுக்கிவிடுங்கள். முதலில் பற்ற வைத்துவிட்டு நட்டைத் தேடினால், வயரை வெட்டித்தான் நுழைக்க வேண்டும். காலிலும் வயர் முனையிலும் தனித்தனியே ஈயம் பூசி, 350 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மூன்று செக்கனில் ஒட்டி முடியுங்கள். நேரம் கூடினால் காலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகிச் சரிந்துவிடும், பட்டன் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தொடுப்பு இராது.

ஒற்றைக் கம்பியுள்ள லேன் கேபிள் வயர் வேண்டாம், மூடியைத் திறந்து மூட முறியும். பல இழை வயரை 15 சென்ரிமீட்டர் நீளம் விட்டு வெட்டுங்கள். கிரவுண்டுக்கு எட்டு வயர் இழுக்காமல், ஒரே வயரைப் பட்டனுக்குப் பட்டன் தாவவிட்டு, கடைசியில் ஒன்றை மட்டும் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு ஒட்டு விட்டுப்போனால் அதற்கப்பால் உள்ளவை எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். பிழை எங்கே என்று தேடவும் அதுவே அடையாளம்.

போர்டின் மைக்ரோ யூஎஸ்பி சொக்கெட் மேற்பரப்பில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. கேபிளை இழுத்தால் செப்புத் தடமும் சேர்ந்து பிய்ந்து வரும். கேபிள் உள்ளே வரும் இடத்தில் கேபிள் டையால் பெட்டியோடு கட்டி, சொக்கெட்டுக்குப் போகும் பகுதியைத் தளர்வாக விடுங்கள்.

பட்டன் வாங்கும்போது கடையிலேயே அழுத்திப் பாருங்கள். விட்டதும் மேலே வர வேண்டும். பூட்டி நிற்கும் வகையும் வெளிப் பார்வைக்கு அப்படியே இருக்கும். நீங்கள் வேலை செய்யும் இடம் வீதியோரம் என்றால் செம்புழுதி பட்டனுக்குள் இறங்கித் தொடுப்பைக் கெடுக்கும், ரப்பர் வளையம் உள்ள நீர்புகா வகையையே கேட்டு வாங்குங்கள்.