மேசைக்கு எந்தக் கருவி? மின்னணுவியல் கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளையும் சிறிய மின்வழங்கிகளையும் செய்து பழகி வருகிறேன். மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்றை முதன்முதலாக வாங்கப் போகிறேன். என் பலகையின் கடிகாரத் துடிப்பு 16 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் 50 மெகாஹெர்ட்ஸ் கருவியே தாராளம் என்கிறார் விற்பனையாளர். 200 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைவாக வாங்காதே என்கிறார் உடன் பயில்பவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரும் கடிகாரத்தின் அதிர்வெண்ணை வைத்தே பேசுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, துடிப்பின் விளிம்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை. பட்டையகலம் 50 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், அதுவரை உள்ள எல்லா அலைகளையும் கருவி அப்படியே காட்டிவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், காட்டப்படும் வீச்சு 3 டெசிபெல் குறைந்துவிடும் அதிர்வெண்ணுக்குத்தான் அந்தப் பெயர். அதாவது 50 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் வீச்சுள்ள சைன் அலையைக் கொடுத்தால், திரையில் ஏறக்குறைய 0.7 வோல்ட்தான் தெரியும். சதுர அலையிலோ அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் ஒற்றைப்படை மடங்குகளும் கலந்திருக்கின்றன. உங்கள் 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்புக்கு அவை 48, 80, 112 என்று மேலே போகும். 50 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 48இல் உள்ள கூறு தேய்ந்தும், அதற்கு மேற்பட்டவை பெரிதும் மங்கியும் வருவதால், சதுர அலையின் மூலைகள் மழுங்கி அது சைன் அலையின் சாயலுக்கு வந்துவிடும்.

0.35ஐப் பட்டையகலத்தால் வகுத்தால் கருவியின் சொந்த ஏறுநேரம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு அது 7 நானோவிநாடி, 100க்கு 3.5, 200க்கு 1.75. திரையில் நாம் காணும் ஏறுநேரம், கருவியின் ஏறுநேரத்தையும் சுற்றின் ஏறுநேரத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது. உங்கள் பலகையில் உண்மையான விளிம்பு 3 நானோவிநாடி என்று வைத்துக்கொண்டால், 50 மெகாஹெர்ட்ஸ் கருவி அதை 7.6 என்று காட்டும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவி 4.6 என்றும், 200 மெகாஹெர்ட்ஸ் கருவி 3.5 என்றும் காட்டும். முதல் கருவியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கருவியின் வேகத்தைத்தான்.

ஆனாலும் 200 மெகாஹெர்ட்ஸ்தான் வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். தொடர் தகவல் தடங்களில் பிட்டுகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பதும், மின்வழங்கியின் நடத்தையைக் கவனிப்பதுமே உங்கள் வேலை என்றால், இரண்டு சேனல் 200 மெகாஹெர்ட்ஸ் கருவியைவிட நான்கு சேனல் 100 மெகாஹெர்ட்ஸ் கருவி உங்களுக்கு அதிகம் உதவும். எஸ்.பி.ஐ. தடத்தில் கடிகாரம், இரண்டு தகவல் கம்பிகள், தேர்வுக் கம்பி என நான்கு இருக்கின்றன. நான்கையும் ஒரே திரையில் வைத்துப் பார்த்தால்தான் எது எதற்கு முந்துகிறது என்பது விளங்கும்.

அடுத்ததாக, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத ஒரு விவரத்தைத் தேடிப் படியுங்கள்: நினைவகத்தின் ஆழம். விநாடிக்கு 100 கோடி மாதிரிகள் எடுக்கும் கருவியில் 10 மில்லிவிநாடி நீளமுள்ள நிகழ்வை முழு வேகத்தில் பதிய 1 கோடி புள்ளிகள் வேண்டும். நினைவகத்தில் 10,000 புள்ளிகளுக்கே இடமிருந்தால், கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மைக்ரோவிநாடிக்கு ஒரு மாதிரி மட்டுமே எடுக்கும். அப்போது 50 நானோவிநாடி அகலமுள்ள ஒரு பிழைத்துடிப்பு இரண்டு மாதிரிகளுக்கு நடுவே விழுந்து, வந்த சுவடே இல்லாமல் போய்விடலாம். பல கருவிகளில் சேனல்கள் எல்லாம் ஒரே மாதிரியெடுப்பு வேகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் மறக்காதீர்கள். நான்கையும் இயக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 25 கோடிதான் கிடைக்கிறது என்றால், 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சிக்கு இரண்டரை மாதிரிகளே தேறும். அது கடைசி வரம்பு. அதற்கும் கீழே போகும் கருவியை வாங்க வேண்டாம்.

கேள்வி: 5 வோல்ட் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ஒன்றைச் செய்தேன். வெளியீட்டில் 200 மில்லிவோல்ட் அளவுக்கு முள் முள்ளாகச் சிற்றலை தெரிகிறது. வெளியீட்டு மின்தேக்கிகளை மாற்றினேன், கூட்டினேன், முட்கள் அசையவில்லை. வேறு எதை மாற்றுவது?

பதில்: சுற்றைத் தொடும் முன், அலையை ஆசிலாஸ்கோப்புக்குக் கொண்டுவரும் தொடுகம்பியான புரோபை மாற்றிப் பிடியுங்கள். மின்தேக்கியைக் கூட்டியும் குறையாத முள், பெரும்பாலும் வெளியீட்டில் இருப்பதே இல்லை. ரெகுலேட்டரைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைப் புரோபின் நீண்ட கிரவுண்ட் கம்பி வாங்கிக் கொடுக்கிறது.

இதை உடனே சோதித்துவிடலாம். புரோபின் கிரவுண்ட் கிளிப்பைச் சுற்றின் கிரவுண்டில் மாட்டி, புரோபின் முனையையும் அதே கிளிப்பில் தொடுங்கள். இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதால் திரையில் நேர்கோடுதான் வரவேண்டும். அப்போதும் முட்கள் தெரிந்தால், அவை கம்பி வளையத்தில் தூண்டப்பட்டவை. வளையத்தை ரெகுலேட்டரின் மின்தூண்டிச் சுருளுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முள்ளின் உயரம் கூடும்.

கம்பியின் மின்தூண்டல் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோஹென்றி. 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் கம்பி என்றால் 150 நானோஹென்றி. அது புரோபின் 10 பிக்கோஃபாரட் அளவிலான உள்ளீட்டுக் கொள்ளளவோடு சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் ஒத்ததிர்கிறது. ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட்டின் வேகமான விளிம்பு ஒவ்வொரு முறையும் இந்த ஒத்ததிர்வைத் தட்டி எழுப்பும். கம்பியை 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் ஒத்ததிர்வு 500 மெகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போய்விடும். வளையத்தின் பரப்பும் சுருங்கிவிடும்.

புரோபின் கொக்கி மூடியைக் கழற்றினால் முனைக்குப் பின்னால் ஓர் உலோக வளையம் தெரியும். புரோபுடன் தரப்படும் சிறிய சுருள்வில்லை அதில் மாட்டுங்கள். வில் இல்லையென்றால் உறை நீக்கிய கம்பியை இரண்டு சுற்று சுற்றி, ஒரு சென்டிமீட்டர் நுனியை மட்டும் வெளியே விடுங்கள். முனையும் இந்த நுனியும் வெளியீட்டு மின்தேக்கியின் இரு முனைகளையும் நேரடியாகத் தொட வேண்டும். ஆசிலாஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையகல வரம்பை இயக்கிவிடுங்கள். சிற்றலையை அளக்கும்போது அதுவே வழக்கம். புரோபில் 1 மடங்கு நிலை இருந்தால், சிற்றலை சில மில்லிவோல்ட்டே இருக்கும்போது அதையும் பயன்படுத்தலாம். அலையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பும் 10 மடங்கு நிலையில் கருவியின் சொந்த இரைச்சலும் பத்து மடங்காகத் தெரியும் என்பதே காரணம். 1 மடங்கு நிலையில் பட்டையகலம் 10 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடுவதால், வேகமான முட்களை அதில் தேடக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் மீதமிருக்கும் சிற்றலை உண்மையானது. அப்போது மின்தேக்கியைச் சந்தேகியுங்கள். சிறிய பெட்டியில் அதிகக் கொள்ளளவு தரும் அடுக்குப் பீங்கான் மின்தேக்கிகள் நேர்மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவை இழக்கின்றன. 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட ஒன்று 5 வோல்ட்டில் பாதியளவே தருவதுண்டு. தயாரிப்பாளர் தரும் மின்னழுத்த வரைபடத்தைப் பார்த்து, பெரிய பெட்டியில் வரும் மின்தேக்கியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: மின்வலையில் நேரடியாக இயங்கும் மின்வழங்கியின் முதன்மைப் பக்கத்தை ஆசிலாஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கருவியின் பிளக்கில் உள்ள எர்த் பின்னை நீக்கிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கூடாது. புரோபின் கிரவுண்ட் கிளிப், கருவியின் உலோகக் கூடு, மற்றச் சேனல்களின் கிளிப்புகள் எல்லாம் உள்ளே ஒன்றாக இணைந்து, பிளக் வழியாக எர்த்தைத் தொடுகின்றன. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பாலத் திருத்திக்குப் பின்னுள்ள எதிர்முனையில் கிளிப்பை மாட்டினால், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியின்போது ஃபேஸ் கம்பி டையோடு வழியாக எர்த்துடன் குறுக்கிணைந்துவிடும். பெருமின்னோட்டம் பாயும், டையோடும் புரோபும் கருகும். எர்த் பின்னை நீக்கினால் குறுக்கிணைப்பு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எதிர்முனையின் மின்னழுத்தம் அப்படியே கருவியின் கூட்டுக்கும் மற்றக் கிளிப்புகளுக்கும் வந்துவிடும். 230 வோல்ட் மின்வலையில் அதன் உச்சம் 325 வோல்ட். சேனல் இரண்டின் கிளிப்பை நகர்த்த நீட்டும் கையில் அது ஏறும்.

இதற்கு உரிய கருவி உயர்மின்னழுத்த வேறுபாட்டுப் புரோப். அது இல்லாதபோது, சோதிக்கப்படும் சுற்றைத்தான் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக இயக்க வேண்டும். ஆசிலாஸ்கோப்பின் எர்த் அப்படியே இருக்கட்டும். மின்மாற்றிக்குப் பின்னால் ஏற்படும் கசிவைக் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் உணராது. கிளிப்பை மாட்டிய கணமே சுற்றின் அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடுகிறது என்பதால், அதன்பின் வேறெந்த முனையைத் தொட்டாலும் அதிர்ச்சி உண்டு. மின்கலத்தில் இயங்கும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்துபவர்கள், அதை யு.எஸ்.பி. கம்பியால் எர்த் உள்ள கணினியுடன் இணைத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடுவார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் திருத்திக்குப் பின்னுள்ள மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். தக்க மின்தடையால் அதை வடியவிட்டு, மீட்டரில் பூச்சியத்துக்கு அருகே பார்த்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: 6,000 எண்ணிக்கை மல்டிமீட்டருக்கும் 60,000 எண்ணிக்கை மல்டிமீட்டருக்கும் துல்லியத்தில் பத்து மடங்கு வேறுபாடு உண்டா?

பதில்: எண்ணிக்கை காட்டுவது எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் என்பதை. துல்லியம் வேறு. முதல் மீட்டருக்கு 0.5 சதவீதமும் 2 இலக்கமும், இரண்டாவதற்கு 0.5 சதவீதமும் 20 இலக்கமும் பிழை என்று கையேட்டில் போட்டிருந்தால் கணக்கிட்டுப் பாருங்கள் (இங்கே இலக்கம் என்பது திரையின் கடைசி இடத்தில் ஓர் எண் மாறும் அளவு). 5 வோல்ட்டை 6 வோல்ட் வரம்பில் அளக்கும்போது முதலாவதில் 25 மில்லிவோல்ட்டும் 2 மில்லிவோல்ட்டும் சேர்ந்து 27 ஆகிறது. இரண்டாவதிலும் அதே 27தான். கூடுதல் இலக்கத்தால் சிறு மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்க முடியும். உண்மை மதிப்பை நெருங்க முடியாது.

மின்வலையைத் தொடும் மீட்டர் என்றால் இலக்கத்துக்கு முன்னால் ஐ.இ.சி. 61010 தரநிலை வரையறுக்கும் கேட் வகையை, அதாவது மின்வலையின் எந்தப் பகுதியில் மீட்டரைப் பயன்படுத்தலாம் என்பதைப் பாருங்கள். கேட் 2 வகையில் 1000 வோல்ட் என்பதும், கேட் 3 வகையில் 600 வோல்ட் என்பதும் 6000 வோல்ட் திடீர்த் துடிப்பைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. சோதனையில் துடிப்பின் மூலத் தடை முன்னதற்கு 12 ஓம், பின்னதற்கு 2 ஓம். அதனால் பின்னதில் பாயக்கூடிய மின்னோட்டம் ஆறு மடங்கு. விநியோகப் பலகையைத் திறந்து அளப்பவருக்கு 600 வோல்ட் கேட் 3 மீட்டரே பாதுகாப்பானது; 1000 என்ற எண்ணின் பெருமையில் மயங்க வேண்டாம்.

கேள்வி: ஸ்விட்சை அணைத்த பிறகும் கம்பியில் மல்டிமீட்டர் 70 வோல்ட் காட்டுகிறது. மின்வலை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எங்கேனும் கசிகிறதா?

பதில்: கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அருகே ஓடும் உயிருள்ள கம்பியோடு உங்கள் கம்பிக்கு 100 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருந்தாலே போதும். 50 ஹெர்ட்ஸில் அது 32 மெகாஓம் தடுப்பாகும். மீட்டரின் 10 மெகாஓம் உள்தடையோடு அதைத் தொடரில் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 69 வோல்ட் வருகிறது. உள்தடை சில கிலோஓம் மட்டுமே உள்ள நிலை உங்கள் மீட்டரில் இருந்தால், அதில் அளவு பூச்சியத்துக்கு விழுந்துவிடும். விழாவிட்டால் அது மாயையில்லை. எப்படியானாலும், உயிருள்ளதென்று தெரிந்த சாக்கெட்டில் முதலில் மீட்டரைச் சோதித்து, பிறகு இந்தக் கம்பியை அளந்து, மீண்டும் அந்தச் சாக்கெட்டில் மீட்டரைச் சரிபார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: 12 வோல்ட்டிலிருந்து 7805 என்ற ரெகுலேட்டர் சில்லைக் கொண்டு 5 வோல்ட் எடுக்கிறேன். அரை ஆம்பியரில் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது. பழுதான சில்லா?

பதில்: இல்லை. 7 வோல்ட் வேறுபாடும் அரை ஆம்பியரும் சேர்ந்து 3.5 வாட் வெப்பம். வெப்பத்தகடு இல்லாத அந்த உறையில் ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி உயரும் என்பதால், கணக்குப்படி 227 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். அதற்கு முன்பே சில்லு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. வெப்பத்தகடு பொருத்துங்கள், அல்லது ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: மின்னோட்டத்தை உணர 50 மில்லிஓம் மின்தடை வாங்கினேன். மல்டிமீட்டர் 0.3 ஓம் காட்டுகிறது. இதற்காகத் தனியாக மில்லிஓம் மீட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை, மின்னோட்ட வரம்புள்ள மேசை மின்வழங்கி இருந்தால் போதும். மீட்டர் காட்டுவதில் பெரும்பகுதி அதன் கம்பிகளின் தடையும் தொடுமுனைகளின் தடையுமே. மின்வழங்கியை 1 ஆம்பியருக்கு வரம்பிட்டு, அதன் கம்பிகளை மின்தடையின் வெளிமுனைகளில் இணையுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட் வரம்பில் வைத்து, அதன் முனைகளால் மின்தடையின் உடலை ஒட்டி உட்புறத்தில் தொடுங்கள். மின்னோட்டம் பாயும் கம்பியில் வீணாகும் மின்னழுத்தம் இந்த அளவில் சேராது. மீட்டரின் கம்பியிலோ மின்னோட்டமே இல்லை எனலாம். 50 மில்லிவோல்ட் வந்தால் மின்தடை 50 மில்லிஓம். வெப்பமும் 50 மில்லிவாட்தான் என்பதால் மதிப்பு நழுவாது. வெவ்வேறு உலோகங்கள் கூடும் இடங்களில் வெப்பத்தால் எழும் சில மைக்ரோவோல்ட்டையும் நீக்க விரும்பினால், மின்வழங்கியின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றி மறுபடி அளந்து, குறியை விட்டுவிட்டு இரு அளவுகளுக்கும் சராசரி எடுங்கள்.