‘சில்வர்டோன்’ கிட்டாரைச் செய்தது யார்?

கேள்வி: நியூ ஜெர்ஸியில் வேலை பார்க்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் பழைய எலக்ட்ரிக் கிட்டார் விற்கிறார். தலைப்பகுதியில் ‘சில்வர்டோன்’ என்று இருக்கிறது. மினுமினுக்கும் சிவப்பு, ஓரத்தில் கறுப்பாகிறது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்பும் வெள்ளி நிறக் குழாய் போல இருக்கின்றன. கிட்டார் வைக்கும் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் உண்டு. 1959-இல் கையால் செய்தது, மிக அரிது என்று சொல்லி 1,500 டாலர் கேட்கிறார். திறந்து காட்டச் சொன்னேன். வால்யூம் ‘பாட்’, அதாவது ஒலியளவுக் குமிழுக்கு அடியில் உள்ள மின்பாகம், அதன் முதுகில் 1376447 என்ற எண் இருந்தது. வாங்கலாமா? சென்னைக்குக் கொண்டுபோனால் ஓடுமா?

பதில்: நல்ல கிட்டார்தான், வாங்கலாம். ஆனால் 1959 என்ற கதைக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சில்வர்டோன் என்பது சியர்ஸ் ரோபக் என்ற பெரிய அமெரிக்க வணிக நிறுவனம் தான் விற்ற வானொலி, கிட்டார், ஆம்ப்ளிஃபயர்களுக்கு வைத்த பெயர். அந்தக் கிட்டார்களைச் செய்துகொடுத்தவர்கள் வேறு. சிகாகோவின் ஹார்மனி, கே நிறுவனங்களும், நியூ ஜெர்ஸியின் டான்எலக்ட்ரோவும், ஜப்பானின் டெய்ஸ்கோவும் அதில் அடக்கம். அதனால் தலையில் உள்ள எழுத்து எந்தக் கடை விற்றது என்பதை மட்டும்தான் சொல்லும். யார் செய்தது என்று தெரிய உடலைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன குழாய் பிக்கப் ஒன்றே டான்எலக்ட்ரோவைக் காட்டிக்கொடுக்கிறது. நேதன் டேனியல் 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் ரெட் பேங்க், பிறகு நெப்டியூன் பகுதி. அதாவது உங்கள் மாநிலத்திலேயே பிறந்த கிட்டார். விலையைக் குறைக்க டேனியல் எடுத்த முடிவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பிக்கப்பின் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் மூட, உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய்களையே மொத்தமாக வாங்கிப் பயன்படுத்தினார். உடலுக்கு முழு மரக்கட்டை இல்லை. மரச்சட்டம் ஒன்று செய்து, முன்னும் பின்னும் மேசோனைட் என்ற ஹார்டுபோர்டை ஒட்டிவிட்டார். நம் ஊரில் பரீட்சை எழுத மடியில் வைத்துக்கொள்வோமே, அந்த அட்டையின் இனம்தான். தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருப்பது காதுக்குத் தெரியும். வெட்டுவாய் வெளியே தெரியாமல் இருக்கப் பக்கவாட்டில் வினைல் பட்டை சுற்றியிருப்பார்கள். நெக்கின், அதாவது கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதியின், உள்ளே இரும்புப் பட்டைகள் உண்டு, ஆனால் திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது. கம்பிகள் தலைப்பக்கம் ஏறும் இடத்தில் உள்ள நட் அலுமினியம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் சிறு ரோஸ்வுட் துண்டு.

இவை எல்லாம் பொருந்தினால் செய்தவர் யார் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: 1990-களின் கடைசியில் டான்எலக்ட்ரோ என்ற பெயரை வேறொரு நிறுவனம் உயிர்ப்பித்து, பழைய வடிவங்களைக் கொரியாவிலும் பின்னர் சீனாவிலும் செய்தது. அந்த நெக்குகளைத் திருகிச் சரிசெய்யலாம். உங்களுடையதில் அப்படி ஒரு திருகு தென்பட்டால் நெக் மாற்றப்பட்டது, இல்லையென்றால் கிட்டாரே பிற்காலத்தது என்று அர்த்தம்.

அப்புறம் வயது. பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் வைத்த சில்வர்டோன்களை சியர்ஸ் 1962-இல்தான் கொண்டுவந்தது. ஒற்றை பிக்கப் உள்ளதன் மாடல் எண் 1448, இரண்டு உள்ளது 1449. இரண்டும் கறுப்பு. சில ஆண்டுகள் கழித்து வந்த 1457-தான் ஓரம் கறுத்த மினுங்கும் சிவப்பு. ஆகவே உங்களுடையது 1457. பெட்டியோடு சேர்ந்து பிறந்தது என்றால் அது 1959 ஆக வழியே இல்லை.

நீங்கள் குறித்துவந்த எண்ணும் இதையே சொல்கிறது. முதல் மூன்று இலக்கம் அந்த ‘பாட்’ பாகத்தைச் செய்த நிறுவனம்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆக 1964-ஆம் ஆண்டின் 47-ஆவது வாரம், நவம்பர் மாதம். பாட் செய்த பிறகுதான் கிட்டாரில் ஏறியிருக்கும் என்பதால், 1964-இன் கடைசி அல்லது 1965 என்பேன். பாட் பிற்காலத்தில் மாற்றியதா என்பதைப் பற்றவைப்பு காட்டிக்கொடுக்கும். பழைய ஈயம் மங்கிப்போயிருக்கும், கம்பியின் மேலுறையும் பழையதாக இருக்கும். இன்னொரு சாட்சியும் உண்டு: நெக்கைக் கழற்றினால் அது உட்காரும் குழியில் ஓர் எண் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அதன் கடைசி இலக்கம்தான் ஆண்டின் கடைசி இலக்கம். 4 அல்லது 5 என்று இருந்தால் கணக்கு முடிந்தது. ஆனால் விற்பவர் முன்னிலையில், கம்பிகளைத் தளர்த்திவிட்டு, தெரிந்த ஒருவர் கழற்றட்டும்.

‘கையால் செய்தது, அரிது’ என்பதும் நிற்காது. சியர்ஸ் பட்டியல் வழியாக நாடெங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்காக விற்ற கிட்டார் இது. கிட்டாரும் பெட்டியும் பிரியாமல், மாற்றம் இல்லாமல், ஓடும் நிலையில் கிடைப்பதற்குத்தான் மதிப்பு. விலைக்கு, விளம்பரத்தில் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். இசைக்கருவிகள் விற்கும் ரிவர்ப் இணையதளத்தில் 1457 உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று தேடி, அதே நிலையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

பேசும் முன் நெக்கை ஓரத்திலிருந்து கண்ணால் பிடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் இந்தக் கிட்டாரில் அது பெரிய செலவு. ஹார்டுபோர்டின் ஓரம் ஈரத்தில் உப்பியிருக்கிறதா, சட்டத்திலிருந்து பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வினைல் பட்டை உரிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம், அதற்காகத் தயங்க வேண்டாம்.

பெட்டி ஆம்ப்ளிஃபயரை மட்டும், ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சொருகாதீர்கள். தயவுசெய்து. வால்வு வைத்த பழைய கருவி, எர்த் இல்லாத இரண்டு முள் பிளக், வயதான கபாசிட்டர்கள். கிட்டாரின் உலோகப் பாகத்தில் கை வைத்தபடியே மின்சாரம் பாயும் அபாயம் உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர் பழகிய டெக்னீஷியனிடம் கொடுத்து, கபாசிட்டர்களை மாற்றி, எர்த் உள்ள மூன்று முள் கம்பி போட்ட பிறகு வாசியுங்கள். அந்தச் செலவையும் விலையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்தான்.

சென்னையில் 230 வோல்ட். இந்த ஆம்ப்ளிஃபயர் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் எரிந்துவிடும். கிட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. எந்த ஊர் ஆம்ப்ளிஃபயரிலும் வாசிக்கலாம்.

கேள்வி: மாமா விட்டுச்சென்ற எலக்ட்ரிக் கிட்டாரில் பெயரே இல்லை. நான்கு பிக்கப். நெக் சேரும் இடத்தில் உள்ள தகட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்’ என்று இருக்கிறது. இது டெய்ஸ்கோவா?

பதில்: இருக்கலாம், ஆனால் அந்தத் தகடு மட்டும் போதாது. 1960-களில் ஜப்பானில் பல தொழிற்சாலைகள் இதே மாதிரித் தகட்டைப் போட்டன. விற்பவர்கள் எல்லாவற்றையும் டெய்ஸ்கோ என்று சொல்லிவிடுகிறார்கள். 1946-இல் டோக்கியோவில் தொடங்கி, 1967-இல் கவாய் நிறுவனத்தின் கைக்குப் போன டெய்ஸ்கோவுக்கு மவுசு அதிகம் என்பதுதான் காரணம். தலைப்பகுதியின் வடிவம், பிக்கப் மூடி, கம்பிகளை அசைக்கும் ட்ரெமலோ, இந்த மூன்றையும் படம் எடுத்து, பெயர் உறுதியான கிட்டார்களின் படங்களோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் பெயர் சொல்லலாம். அதுவரை விற்பனை விளம்பரத்தில் ‘1960-களின் ஜப்பானியத் தயாரிப்பு’ என்று மட்டும் எழுதுங்கள். பிக்கப்களை மட்டும் யார் கேட்டாலும் தனியாகக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.