நட்சத்திர வரிசை தடுமாறட்டும், தாளிப்பின் வரிசை தடுமாறுகிறதா?

கேள்வி: வயது 57. சர்க்கரைக்கு 8 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். 27 நட்சத்திரங்களைச் சொல்லும்போது இடையில் யாராவது பேசிவிட்டால், மறுபடி அசுவினியிலிருந்து தொடங்கினால்தான் வருகிறது. தெரிந்தவர் பெயரும் சட்டென வருவதில்லை. காணொளி பார்த்து வல்லாரை மாத்திரையும், தூக்கத்துக்காகக் கடையில் வாங்கிய தும்மல் மாத்திரையும் சாப்பிடுகிறேன். என் அம்மா கடைசிக் காலத்தில் எங்களையே மறந்துவிட்டார். (வாசகி, கோபிச்செட்டிபாளையம்)

பதில்: அம்மாவின் நோய் உங்களுக்கும் தொடங்கிவிட்டதோ என்று அஞ்சுகிறீர்கள். கடிதத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

மனப்பாடம் செய்த வரிசையில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்து வருகிறது. சுவாதி என்றதும் விசாகம் தானே வரும்; விசாகத்துக்கு முன்னால் எது என்று கேட்டால் நானும் திணறுவேன். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்த ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பக்கத்துச் சொற்களுக்கிடையிலான பிணைப்பே வலுவானது என்றும், பின்னோக்கிய பிணைப்பு அதைவிட மெலிந்தது என்றும் 1885இலேயே எழுதிவிட்டார். தவிர, சிறுவயதில் பதிந்த வரிசை மறதிநோய் உள்ளவர்களிடமும் நெடுநாள் தங்குவதுண்டு என்பதால், இந்தச் சோதனையில் தேறினாலும் தோற்றாலும் எதுவும் தெரியப்போவதில்லை. பெயர் மறப்பது வயதின் வேலை.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. 30 ஆண்டுகளாக அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கிய ஒருவர், கடுகு பொரிந்து வெங்காயம் வதங்கிய பிறகு அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றுவிடுவதும், அது ஒருநாள் கவனப்பிசகாக இல்லாமல் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடப்பதும்தான் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறி. பெரும்பாலும் இதை நோயாளி உணர்வதில்லை; மகனோ மருமகளோதான் முதலில் கவனிப்பார்கள். ஆகவே, நீங்கள் பட்டியல் போட்டு எழுதும் மறதியைவிட, வீட்டார் சொல்லும் மறதிக்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

தும்மல் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பழைய வகைத் தும்மல் மாத்திரைகள், நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை மூளையில் தடுத்து, மறுநாளும் மந்தத்தை உண்டாக்குபவை. மறதிக்குப் பயந்துகொண்டே மறதியை விலைகொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். வல்லாரையைத் துவையலாக உண்ணுங்கள், மாத்திரை வேண்டாம். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு, அந்தக் குறைவும் நினைவைப் பாதிக்கும் என்பதால், சர்க்கரைக்கு உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; அதுவரை மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.